ரேட்டிங் கட்டத்தில் போட்ட நூறு

போன வாரம் எச்.ஆரிலிருந்து ஒரு மெயில் வந்தது. செயல்முறை மேம்பாட்டுப் பிரிவில் எனக்குக் கீழே இன்னொரு ஆள் எடுக்கப் போகிறார்களாம். அந்த ஆளுக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்று நான்தான் எழுதித் தர வேண்டுமாம். ஒரு பக்கம் போதும் என்று போட்டிருந்தார்கள். அந்த ஒரு பக்கத்துக்கு எனக்கு மூன்று நாள் ஆனது.

எழுதுவதில் ஒன்றும் கஷ்டமில்லை. பொறியியல் பட்டம் அல்லது டிப்ளமோ. உற்பத்தித் தளத்தில் ஐந்து வருஷமாவது நின்ற அனுபவம். புள்ளிவிவரக் கணக்குப் போடும் மென்பொருள் தெரிந்திருக்க வேண்டும். மேலே இருப்பவர்களிடமும் கீழே இருப்பவர்களிடமும் பேசத் தெரிந்திருக்க வேண்டும். அப்புறம் பெல்ட். கராத்தேயில் தருகிற மாதிரி எங்கள் தொழிலிலும் பச்சை பெல்ட், கறுப்பு பெல்ட் எல்லாம் உண்டு. இடுப்பில் கட்ட முடியாது, சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். என்னுடையது என் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. யாராவது என் எதிரே வந்து உட்கார்ந்தால் என் தலைக்கு மேலே அதைத்தான் பார்ப்பார்கள். நல்ல வேளையாக நான் அதைப் பார்க்க வேண்டியதில்லை.

எட்டு வரி எழுதினேன். ஒன்பதாவது வரி ஒன்று எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன், அழித்தேன். கடைசியில் எட்டு வரியோடு அனுப்பிவிட்டேன். அந்த ஒன்பதாவது வரியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்த நாற்காலிக்கு நான் வந்தபோது எனக்கு நாற்பத்தொரு வயது. அதற்கு முன்னால் தரக் கட்டுப்பாட்டில் இருந்தேன். ரப்பர் வளையத்தைக் கையில் எடுத்துப் பார்த்து, நல்லது இந்தப் பக்கம், சொத்தை அந்தப் பக்கம் என்று ஒதுக்கியே பதினைந்து வருஷம் ஓட்டியவன். கும்மிடிப்பூண்டியில் என் மாதிரி ஆட்களை எந்த கேட்டில் போய்த் தட்டினாலும் பத்துப் பேர் கிடைப்பார்கள். எங்கள் தரப் பிரிவை ஒரு கேமரா மெஷின் வாங்கிப் பாதியாகக் குறைத்தார்கள். மிச்சமிருந்த பாதியில் நான் இருக்க மாட்டேன் என்று எனக்கு முன்கூட்டியே தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னைக்குப் போய்ப் படித்துப் பெல்ட் வாங்கி வைத்திருந்ததால், ஆறு மாதம் பார்ப்போம் என்று இந்த வேலையைக் கொடுத்தார்கள்.

எனக்கு முன்னால் இதே நாற்காலியில் இரண்டு பேர் உட்கார்ந்து, ஆறு மாதத்தில் எழுந்து போயிருந்தார்கள். ஆறு மாதத்துக்குள் ஒரு புராஜெக்ட் செய்து காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மூன்றாவதாக நான் போக வேண்டும், பழைய இடமும் இல்லை. இதை என் மனைவியிடம் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்திருந்ததே ராத்திரித் தூக்கத்தைத் தின்றது.

என்ன வேலை என்று பொன்னேரியில் எதிர் வீட்டுக்காரர் கேட்பார். வேலை எங்கே தேங்கி நிற்கிறது, எங்கே வீணாகிறது என்று பார்த்துச் சொல்வது என்பேன். பார்ப்பதற்கு ஒரு சம்பளமா என்று சிரிப்பார். உள்ளே லைனில் எனக்கு வைத்திருந்த பெயர் 'வாட்ச் சார்'. நான் ஸ்டாப்வாட்ச்சோடு நடந்து வந்தால் இட்லித் தட்டில் ஈ உட்கார்ந்த மாதிரி முகத்தைச் சுளிப்பார்கள்.

ஐந்தாவது மாதம் வரைக்கும் உருப்படியாக ஒன்றும் அகப்படவில்லை. அப்புறம் பிசிர் மேஜைகளைத் தொட்டேன். ரப்பர் வளையம் அச்சிலிருந்து வரும்போது ஓரத்தில் மெல்லிசாக ரப்பர் பிதுங்கி நிற்கும். அதைப் பிசிர் என்போம். நுனி வளைந்த சின்னக் கத்தரிக்கோலால் அதைச் சுற்றி வெட்டி எடுக்க வேண்டும். மெஷினால் இன்னும் அதைச் சரியாகச் செய்ய முடியவில்லை. ஆறு மேஜை, ஆறு பெண்கள், எல்லாரும் கான்ட்ராக்ட் ஆட்கள். நீல நிற கேட் பாஸ். கான்ட்ராக்டர் ஒரு போன் போட்டால் மறுநாள் அந்தப் பாஸ் கேட்டில் வேலை செய்யாது.

மூன்றாவது மேஜை அக்காவை எனக்கு ஏழெட்டு வருஷமாகத் தெரியும். பொன்னேரிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். அவருடைய அப்பாவும் அம்மாவும் ஊரார் நிலத்தில் நடவும் அறுவடையும் செய்தவர்கள். அவர் சம்பளத்தில்தான் குடும்பத்தில் முதல் தடவையாக ஒரு பெண் காலேஜ் போகிறது, நர்சிங் படிக்கிறது. சாயங்கால எலெக்ட்ரிக் ரயிலில் எனக்கு ஒரு இடம் போட்டு வைத்திருப்பார், பையைப் பக்கத்தில் வைத்து. கம்பெனிக்குள்ளே நான் அவருக்கு சார். ரயில் ஏறிவிட்டால் தம்பி. இந்த ஒழுங்கை இரண்டு பேருமே பேசி வைத்துக்கொண்டதில்லை, அதுவாக அமைந்தது.

ஒருநாள் கவரைப்பேட்டை தாண்டும்போது என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னா தம்பி, மூஞ்சி இப்டித் தொங்கிப்போயி கீது? ஊட்ல எதுனா சண்டையா?"

மனைவியிடம் சொல்லாததை அவரிடம் சொன்னேன். ஒரு புராஜெக்ட் முடித்துக் காட்ட வேண்டும், காட்டாவிட்டால் வேலை நிலைக்காது, அடுத்த வாரம் உங்கள் மேஜைக்குத்தான் வந்து நேரம் எடுக்கப் போகிறேன் என்றேன். பரிட்சை மாதிரியா என்று கேட்டார். விளக்கிச் சொல்ல அலுப்பாக இருந்தது. ஆமாக்கா, பரிட்சை மாதிரிதான் என்றேன். அவர் வீட்டில் அப்போது எந்நேரமும் பரிட்சைப் பேச்சுதான். மகளுக்கு அரியர் ஒன்று நின்றுகொண்டிருந்தது. ஏசுவைக் கும்பிடுகிறேன், பாஸாகிவிடுவாய் என்று சொல்லி இறங்கிப் போனார். நானும் ரொம்ப நாளைக்கப்புறம் கொஞ்சம் லேசான மனசோடு வீட்டுக்குப் போனேன்.

ஸ்டாப்வாட்ச்சைக் கண்டால் எந்தத் தொழிலாளியும் மெதுவாகச் செய்வார். இது எங்கள் பாடத்தின் முதல் அத்தியாயம். வேகமாகச் செய்தால் அதையே டார்கெட் ஆக்கிவிடுவான் என்று அவர்களுக்குத் தெரியும், அவர்கள் ஒன்றும் அசடுகள் அல்ல. அதற்குத்தான் நேரம் குறிக்கிற ஷீட்டில் ரேட்டிங் என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறார்கள். எதிரே இருப்பவர் வழக்கமான வேகத்தில் செய்தால் நூறு. இழுத்தால் எண்பது, தொண்ணூறு. ஓடினால் நூற்றிருபது, நூற்றி முப்பது. ஓடுகிறார் என்று போட்டால் கணக்கில் நேரம் கூடும். யாராலும் எட்டு மணி நேரம் ஓட முடியாது என்பதற்கு அந்தக் கட்டம்தான் ஒரே பாதுகாப்பு. அதை அளக்கக் கருவி கிடையாது. வாட்ச்சோடு நிற்கிறவன் கண்ணும் மனசும்தான் கருவி. ஒன்பதாவது வரியில் நான் எழுதி எழுதி அழித்ததும் அந்த மனசைப் பற்றித்தான்.

மூன்று நாள் நின்றேன். யாரும் இழுக்கவில்லை. ஆறு பேரும் தலை நிமிரவே இல்லை. வழக்கமாக அந்த மேஜைகளைச் சுற்றி ஓயாமல் பேச்சு இருக்கும். சீரியல், சீட்டு, மாமியார், யார் மகள் யாரோடு ஓடினாள் என்று. அந்த மூன்று நாளும் கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்டது. டீ வந்தது, ஆறிப்போய்த் திரும்பிப் போனது. மூன்றாவது மேஜையில் அக்காவுடைய தண்ணி பாட்டில் காலையில் எந்த அளவில் இருந்ததோ சாயங்காலமும் அதே அளவில் இருந்தது. அவருடைய மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றதைப் பார்த்தேன். ஒரு தட்டு முடித்து அடுத்த தட்டை இழுக்கும்போது கட்டைவிரலை ஒரு தடவை உதறிக்கொண்டதையும் பார்த்தேன்.

கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவனுக்குப் புத்தி எங்கே போயிற்று என்பார்கள். எனக்குப் புத்தி போகவில்லை, நன்றாக இருந்தது. இது வழக்கமான வேகம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஏன் ஓடுகிறார்கள் என்பதுதான் தெரியாது. கேட்டிருக்கலாம். கேட்டால் அந்த அழகான எண்கள் கெட்டுவிடும் என்று பயந்து கேட்கவில்லை. சனிக்கிழமை பிளான்ட் ஹெட் முன்னால் காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷீட்டை முன்னால் வைத்துக்கொண்டு, ரேட்டிங் கட்டத்தில் ஆறு பேருக்கும் வரிசையாக நூறு, நூறு, நூறு என்று போட்டேன். பேனா எங்கேயும் நிற்கவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

சனிக்கிழமை காட்டினேன். ஆறு மேஜை செய்கிற வேலையை நான்கு மேஜை செய்யும் என்று கணக்கு சொன்னது. மிச்சமாகும் இரண்டு பேரை பேக்கிங்குக்கு மாற்றலாம் என்று கடைசி ஸ்லைடில் நானே ஒரு வரி போட்டிருந்தேன், மனசாட்சிக்கு ஒரு மிட்டாய் கொடுக்கிற மாதிரி. பிளான்ட் ஹெட் கெட்டவர் இல்லை. நிதானமான மனிதர். அந்த வரியைப் படித்துவிட்டு, அதைக் கான்ட்ராக்டர் பார்த்துக்கொள்வார் என்று சொல்லி அடுத்த விஷயத்துக்குப் போனார். போவதற்கு முன்னால் எல்லாரும் கை தட்டினார்கள்.

அடுத்த மாதம் புது டார்கெட் பலகையில் ஏறியது. ஆள் உடனே குறையவில்லை. முதலில் ஆறு பேரும் அந்த வேகத்துக்கு வரட்டும், வராத இரண்டு பேரை எடுத்துவிடலாம் என்பது ஏற்பாடு. மணிக்கு மணி சூப்பர்வைசர் வந்து பலகையில் எழுதினார், எல்லாம் சிவப்பு மையில். அக்கா கட்டைவிரலில் பிளாஸ்டர் சுற்றிக்கொண்டு வந்தார். ரயிலில் இடம் போட்டு வைத்தார், ஆனால் நான் ஏறுவதற்குள் தூங்கியிருப்பார். விரல் தூக்கத்திலும் மடங்கியே இருக்கும்.

ஐந்தாவது மேஜைப் பெண்தான் ஒருநாள் ஸ்டோர் பக்கம் என்னை நிறுத்தினாள். சின்ன வயசு, பேச பயப்படாதவள்.

"சார், இந்த டார்கெட்டு எங்களுக்கு வராது. அன்னிக்கு நீங்க பரிட்சை எழுதறீங்கன்னு அக்கா சொல்லிச்சு. நம்ம கை மெதுவா போனா சாருக்கு மார்க் கொறஞ்சிடும்னுச்சு. அதான் மூணு நாளு தண்ணி கூட குடிக்காம வெட்டினோம். டெய்லி அப்டி வெட்ட முடியுமா சார்?"

தண்ணி குடித்தால் பாத்ரூம் போக வேண்டும், போனால் நேரம் போகும், என் மார்க் குறையும். அதற்காக ஆறு பெண்கள் மே மாத வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, வறண்ட தொண்டையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். உலகத்தில் எந்தத் தொழிற்சாலையிலும் வாட்ச்சுக்கு முன்னால் யாரும் செய்யாத முட்டாள்தனம். எனக்காகச் செய்தது. என்னை ஈ மாதிரி பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்காக.

அன்றைக்கே பிளான்ட் ஹெட்டிடம் போய், ஒரு தடவை சரிபார்த்துக்கொள்கிறேன், மறுபடி நேரம் எடுக்க அனுமதி வேண்டும் என்றேன். தப்பு என்று சொல்லவில்லை. சரிபார்ப்பது என்றுதான் சொன்னேன். எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். சாயங்காலம் ரயிலில் அக்காவை எழுப்பினேன். நாளைக்கு மறுபடி வாட்ச்சோடு வருகிறேன், இந்தத் தடவை அவசரமே வேண்டாம், தினமும் எப்படிச் செய்வீர்களோ அப்படி, தண்ணி குடித்து, பேசிக்கொண்டே செய்யுங்கள், அதுதான் எனக்கு நல்லது என்றேன். மற்றவர்களிடமும் சொல்லிவிடுங்கள் என்றேன். சரி தம்பி என்றார்.

மறுநாள் காலையில் அக்கா மற்றவர்களிடம் சொல்வதற்கு இடமே கிடைக்கவில்லை. ஷிஃப்ட் தொடங்கும் முன்னாலேயே சூப்பர்வைசர் ஆறு பேரையும் நிற்க வைத்து, இன்றைக்கு எடுக்கிற நேரத்தை வைத்துத்தான் யார் இருப்பது யார் போவது என்று முடிவு என்று சொல்லியிருக்கிறார். அப்படி முடிவு செய்யச் சொல்லி நான் சொல்லவில்லை. அவராகச் சொன்னார். அதற்கப்புறமும் அவர் மேஜைகளை விட்டு நகரவில்லை.

ஐந்து பேர் முன்னைவிட வேகமாக ஓடினார்கள். பயத்தில் ஓடுவது பாசத்தில் ஓடுவதைவிட வேகம் என்று எந்தப் பாடப் புத்தகத்திலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. மூன்றாவது மேஜையில் மட்டும் அக்கா நான் சொன்னபடி உட்கார்ந்திருந்தார். நிதானமாக வெட்டினார். நடுவில் பாட்டிலைத் திறந்து தண்ணி குடித்தார், குடித்துவிட்டு என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். சரியாகச் செய்கிறேனா என்று கேட்கிற சிரிப்பு. சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டு நிற்கிறார், நான் கையில் வாட்ச்சோடு நிற்கிறேன். அக்கா, நீங்களும் ஓடுங்கள் என்று எப்படிச் சொல்வது? பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்களே, என் கண் முன்னால் களிமண் குரங்காகிக்கொண்டிருந்தது.

மதியம் ஷீட்டில் ஐந்து மேஜைக்கு எதிரே நூற்றி முப்பது போட்டேன், மூன்றாவது மேஜைக்கு நூறு. அதுதான் உண்மை. அந்தக் கணக்குப்படி ஆறு பேரும் வேண்டும். எடுத்துக்கொண்டு போனேன். பிளான்ட் ஹெட் இரண்டு ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"அஞ்சு பேரோட வேகம் ரெண்டு தடவையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். போன தடவை நூறு. இந்தத் தடவை நூத்தி முப்பது. ரெண்டுல எது தப்பு?"

கேள்வி நியாயமானது. முதலில் போட்டதுதான் தப்பு என்று சொன்னால் போதும். மூன்றே வார்த்தை. சொன்னால் என் புராஜெக்ட் போகும், அதை வைத்து வரவேண்டிய நிரந்தரக் கடிதம் போகும், நாற்காலி போகும். மூன்றாவது ஆளாக நானும் கேட்டுக்கு வெளியே நிற்பேன். என் மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். இதெல்லாம் ஒரு நொடிக்குள் மனதில் ஓடியது. அந்த நொடியை யாரும் வாட்ச் வைத்து அளக்கவில்லை.

"இப்ப போட்டதுதான் தப்பு சார்" என்றேன்.

அவர் தலையாட்டினார். ஐந்து நூற்றி முப்பதையும் அடித்து நூறு என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். அடித்து எழுதியதும் அந்த ஷீட்டில் மிச்சமிருந்தது ஒரே ஒரு விஷயம்தான். ஐந்து பேர் டார்கெட்டைத் தொடுகிறார்கள், மூன்றாவது மேஜை தொடவில்லை.

அப்புறமும் சும்மா இருக்கவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். பேக்கிங்கில் ஒரு இடம் கேட்டு அலைந்தேன். அங்கே ஆள் நிரம்பி வழிகிறது என்றார்கள். கான்ட்ராக்டருக்குப் போன் போட்டுக் கெஞ்சினேன், வேறு கம்பெனியிலாவது போடுங்கள் என்று. "உங்க ஷீட்ட வச்சுத்தான சார் எடுத்தோம்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். அக்காவையும், அடிக்கடி லீவு போட்ட ஒன்றாவது மேஜைப் பெண்ணையும் எடுத்தார்கள்.

கடைசி நாள் சாயங்காலம் ரயிலில் இடம் போட்டு வைத்திருந்தார். நான் வேறு பெட்டியில் ஏறலாம் என்றுதான் நினைத்தேன். ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் கூப்பிட்டுவிட்டார். மடியில் ஒரு ஒயர் கூடை. அதில் டிபன் பாக்ஸ், தண்ணி பாட்டில், மேஜைக்கு முன்னால் போட்டு உட்காரும் பழைய புடவைத் துணியில் தைத்த மெத்தை. பத்து வருஷம் உட்கார்ந்து உட்கார்ந்து அது நடுவில் பள்ளமாகியிருந்தது.

எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கவரைப்பேட்டை போனது. அவரேதான் பேசினார். விரல் போய்விட்டது, அந்தக் கான்ட்ராக்டர்தான் என்ன செய்வான், ஓடாத மாட்டைக் கட்டித் தீனி போடுவானா என்றார். மகளுக்கு அரியர் முடிந்துவிட்டது, இன்னும் ஒரு வருஷம்தான், அதுவரைக்கும் பக்கத்தில் எங்கேயாவது வீட்டு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்றார். என்னைத் தேற்றுகிற மாதிரி சொல்லிக்கொண்டு வந்தார்.

பொன்னேரி நெருங்கும்போது கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். இன்னொரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிளாஸ்டர் சுற்றிய கட்டைவிரல் கம்பியோடு சேராமல் தனியாக நின்றது.

"ரெண்டாவது வாட்டி நீ சொன்ன மாரியே மெதுவாத்தான் செஞ்சேன் தம்பி. கரெக்டா இருந்துச்சா?"

"கரெக்டா இருந்துச்சுக்கா."

"பாஸாயிட்டியா?"

"பாஸாயிட்டேன்."

"கும்பிட்டுகினேதான் இருந்தேன்" என்றார். முகமெல்லாம் சிரிப்பு. "எங்க, நான் மெதுவா செஞ்சி உன் மார்க்க கெடுத்துட்டனோன்னு ஒரு வாரமா பேஜாரா இருந்துச்சு."

ரயில் நின்றது. வா தம்பி என்று சொல்லிக்கொண்டே முன்னால் இறங்கினார். எனக்கும் அதுதான் ஸ்டேஷன். நான் எழுந்திருக்கவில்லை. பிளாட்பாரத்தில் நின்று கூட்டத்துக்குள் என்னைத் தேடினார், ரயில் நகர ஆரம்பித்த பிறகும் தேடினார். அனுப்பம்பட்டில் இறங்கி, திரும்பிப் போகிற ரயிலுக்காக நின்றேன்.